ஒரே வகுப்பில் இன்னொரு வருடம்: பிள்ளைகளுக்கு லாபமா, நஷ்டமா?

படிப்பில் பின்தங்கிய பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால் தேறிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது எந்த அளவுக்குச் சரி என்று பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-ல் வந்த திருத்தம், 5 மற்றும் 8-ம் வகுப்புகளில் தேர்வு வைத்து, இரண்டு மாதத்துக்குள் மறுவாய்ப்பும் கொடுத்து, அதிலும் தேறாதவர்களை நிறுத்திவைப்பதா என்பதை அரசுகளின் முடிவுக்கு விட்டது. அவ்வாண்டு இந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்த தமிழக அரசு, எதிர்ப்பு எழவே 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கான விதியை மாற்றியபோதும், தமிழக அரசு எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்ற முறையையே தொடர்ந்தது. எனவே இங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஃபெயில் என்ற பேச்சு ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது.

பாதிப்பு என்ன?

அமெரிக்காவின் சிகாகோ நகரப் பள்ளிகளைப் பற்றி 2009-ல் வெளியான ஆய்வின்படி, ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் பெரிய பாதிப்பு தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் படிப்பை இடையில் விடுவது அதிகமானது. வயது கூடக் கூட வெட்கமும் கூடுகிறது. தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு உட்காரக் கூசி, பள்ளிக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் நம் தர்மபுரி; சுமார் 68.5 சதவீதம். இங்கே பள்ளியை விட்ட பையன் வேலைக்குப் போகிறான். பெண் பிள்ளைக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணப் பேச்சு வருகிறது. ஒரு வருடத் தோல்வி வாழ்நாள் இழப்பாகிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

* பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனால் உடனே துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். தேறினால் அதே வருடம் பதினொன்றில் சேரலாம்.
* தேர்ச்சி என்பதால் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். மூன்றாம் வகுப்பிலேயே ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.
* ஒன்பதில் நிறுத்தினால், எந்தப் பாடத்தில் குறை, அதற்கு இந்த முறை என்ன செய்வீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பழைய பாடத்தையே பழைய முறையில் திரும்ப நடத்தினால் பலன் இல்லை.
* மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.
* படித்த இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் நம் மஹல்லாவில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

ஃபெயில் ஆன பிள்ளையை ஒரு வாரம்கூட வீட்டில் சும்மா இருக்க விடாதீர்கள். அந்த ஒரு வாரமே படிப்பின் முடிவாகிவிடக் கூடும்.