பாத்தியம் ஏறாத பட்டா: பொருள் வகைகள் எல்லை கடந்த வரலாறு குறித்து

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் என் பெரியப்பாவுக்கு ரெண்டே கால் ஏக்கர் புஞ்சை இருக்கிறது. உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்க அவரோடு ஒரு சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் இருந்த பெண் பட்டாவையும் ஆதார் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பேரு மேட்ச் ஆகல தாத்தா" என்றாள். பட்டாவில் அப்பா பெயர், மகன் என்ற உறவு, சொந்தப் பெயர் என்று மூன்று துண்டாக இருக்கிறது. அட்டையில் சொந்தப் பெயர், அதன் பின்னால் ஒற்றை எழுத்து. பெரியப்பா கேட்டார்: "ஏன் தாயி, அப்பன் பேரு முன்னாடி இருந்தா ஒருத்தன், பின்னாடி இருந்தா இன்னொருத்தனா?" அவள் சிரித்துவிட்டாள். "எனக்குத் தெரியுது தாத்தா. சிஸ்டத்துக்குத் தெரியலயே."

சிஸ்டத்துக்குத் தெரியவில்லை என்ற இந்த வாக்கியத்தை நாம் விதியைப்போல ஏற்றுக்கொண்டு விட்டோம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஓர் இடத்தில் உருவான வகை இன்னோர் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோகப்படுகிறது, போகிற வழியில் எது உதிர்கிறது, உதிர்ந்ததை யார் கவனிக்கிறார்கள் என்ற வரலாறு. கணினித் துறைக்காரர்கள் இதைத் தங்கள் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் பார்க்கிறார்கள். கரிசல் காட்டிலிருந்து பார்த்தால் அது அவ்வளவு புதியதும் அல்ல, அவ்வளவு தொழில்நுட்பமும் அல்ல.

தமிழ் படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. கணினிக்காரர்கள் 'ஆப்ஜெக்ட்' என்பதை நாம் பொருள் என்கிறோம். நம் மொழியில் பொருள் என்பது வஸ்துவையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். நிரலில் ஒரு பொருள் என்பது சில விவரங்களும் அவற்றின் மேல் செய்யக்கூடிய சில செயல்களும் சேர்ந்த ஒரு கட்டு. எந்தெந்த விவரம், எந்தெந்தச் செயல் என்று முன்கூட்டியே வரையறுப்பதுதான் வகை. எண், எழுத்துத் தொடர், தேதி ஆகியவை மொழியே தருகிற வகைகள். நிலம், பட்டாதாரர், பற்றுச்சீட்டு என்பவை நிரலாளர் தன் தேவைக்குக் கட்டிக்கொள்கிற சொந்த வகைகள். வகைக்குள் பொருந்தாத பேச்சைப் பற்றி நம் இலக்கணக்காரர்கள் நிறையவே யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்ற பகுப்பில்தான் தொடங்குகிறது. திணை மயங்கினால் வழு. ஆனால் பசுவை உவப்பினால் 'அம்மா வந்தாள்' என்று சொன்னால் அது வழுவமைதி. குற்றம்தான், காரணம் பற்றி ஏற்றுக்கொள்கிறோம். அதாவது குற்றம் என்று தெரிந்தே, சொல்லிவிட்டே, உள்ளே விடுவது. இந்த 'சொல்லிவிட்டு' என்பதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே கணினிக்குள் இருக்கும்வரை பொருளுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்க, நினைவகத்தில் அது இருக்கும் முகவரியைச் சுட்டினால் போதும். எல்லை தாண்டும்போது அந்தச் சுட்டு செத்துப்போகிறது. 1984இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும் தொலைவிலுள்ள கணினியின் செயல்முறையைச் சொந்தக் கணினியின் செயல்முறைபோல அழைப்பதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையானது. இரண்டு கணினிகளுக்கும் பொதுவான முகவரிவெளி இல்லாததால் சுட்டை அனுப்பிப் பயனில்லை. மதிப்பைப் பிரதியெடுத்துக் கட்டி அனுப்ப வேண்டும், அங்கே ஒருவர் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். 1987இல் வெளியான எக்ஸ்.டி.ஆர். என்ற நெறி, அனுப்பும் ஒவ்வொன்றையும் 4 பைட்டின் மடங்காக அளந்து கட்டச் சொன்னது. யார் வீட்டு நெல்லானாலும் ஒரே மரக்கால் என்பதுபோல.

இங்கே நம் ஊர்ப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லியிருக்கும்: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்ன ஓடைக்குக் கிழக்கு. இவையெல்லாம் சுட்டுகள். அந்த ஊரின் நினைவுக்குள் மட்டுமே செல்லுபடியாகிற முகவரிகள். அதற்குக் கீழே கிணற்றில் நாலில் ஒரு பங்கு, கமலை இறைவை பாத்தியம், நடைபாதை வண்டிப்பாதை பாத்தியம், மரவடை என்று போகும். இந்தப் பாத்தியங்கள்தான் நிலத்தின் செயல்கள். அந்த நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைச் சொல்பவை. வானம் பார்த்த பூமியில் ரெண்டே கால் ஏக்கருக்கு மதிப்பு இருப்பதே கிணற்றில் அந்தக் கால் பங்கு இருப்பதால்தான்.

இதே நிலம் பட்டாவில் எப்படி இருக்கிறது? புல எண், உட்பிரிவு, புன்செய், பரப்பு, தீர்வை. அவ்வளவுதான். பாத்தியம் ஏறாது. வருவாய்த்துறையின் 'நிலம்' என்ற வகை தீர்வை வசூலிப்பதற்காகக் கட்டப்பட்டது. அதற்கு வேண்டாதது அதில் இல்லை. பெயர் ஒன்று, வகை வேறு.

இந்த வகை இங்கே வந்து சேர்ந்ததும் படிப்படியாகத்தான். திருச்சுழி வட்டாரத்தின் பல ஊர்கள் ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தவை. 1803இல் அந்த ஜமீனுக்கு நிரந்தர சனது கொடுத்தபோது கும்பினிக்குத் தேவைப்பட்டது பேஷ்குஷ் என்ற ஒற்றை எண் மட்டும்தான். உள்ளே யார் என்ன விதைத்தார்கள் என்பது ஜமீனின் உள்விவகாரம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றிய பிறகுதான் இந்த ஊர்களின் ஒவ்வொரு துண்டு நிலமும் அரசின் கணக்கில் தனித்தனிப் பொருளாக நின்றது. 'அ' பதிவேடு, அடங்கல், 10(1) சிட்டா என்று எண் போட்ட கணக்குகள். அவற்றை எழுதியவர் கர்ணம்.

கர்ணத்தின் கணக்குக்கும் கட்டம் உண்டு. ஆனால் கட்டத்துக்கு வெளியே காகிதத்தில் ஓரமும் உண்டு. பருத்திக்குள் உளுந்தும் மல்லியும் ஊடே போட்டிருந்தால், அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டிருந்தால், அவர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார், அல்லது எழுதாமல் மனசில் வைத்திருப்பார். இதைச் சொல்வதால் கர்ணத்தை நினைத்து நான் ஏங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஓரம்தான் அவருடைய அதிகாரம். பரம்பரையாக ஒரே குடும்பங்களில் தங்கியிருந்த அதிகாரம். யாருக்காக ஓரத்தில் எழுதினார், யாரை எழுதாமல் விட்டார் என்பதைத் தலித் குடியிருப்புகளில் கேட்டால் வேறு வரலாறு வரும். 1980இல் தமிழக அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. ஒழித்தது சரி. ஓரமும் அதோடு போனது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர் வந்தது. ரெண்டே கால் ஏக்கர் என்பது 91.05 ஏர். பெரியப்பா பட்டாவில் 91.00 என்று இருக்கிறது. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும்போது 5 சதுர மீட்டர் கரைந்துவிட்டது. பெரிய நஷ்டமில்லை. ஆனால் அவர் இன்றும் ஏக்கரில்தான் உழுகிறார், ஏக்கரில்தான் விலை பேசுகிறார். மாற்றம் கணக்கில் நடந்தது, நாக்கில் நடக்கவில்லை.

கணினி உலகத்தில் இதற்கிணையான வேலை தொண்ணூறுகளில் நடந்துகொண்டிருந்தது. தொலைவிலுள்ள பொருளைப் பக்கத்திலுள்ள பொருள்போலவே காட்டிவிட முடியும் என்பது அந்தப் பத்தாண்டின் பெரிய நம்பிக்கை. 1994இல் சன் நிறுவன ஆய்வகத்தின் ஜிம் வால்டோவும் உடன் மூவரும், அது கூடாது, தூரத்தை மறைப்பது பிழையில் முடியும் என்று எழுதினார்கள். 1997இல் வந்த ஜாவா ஆர்.எம்.ஐ.யில் விவரத்தோடு செயலும் எல்லை தாண்டிப் போகும். ஆனால் இரண்டு பக்கமும் ஜாவாவாக இருக்க வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் பண்ணுகிற ஏற்பாடு அது. சீர்வரிசை முழுசாகப் போகும், வெளியே கொடுக்க வழியில்லை.

வெளியே கொடுப்பதற்கென்று வந்தவைதான் இணையச் சேவைகள். 1998இன் எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. அனுமதித்த அடிப்படை வகைகள் ஆறு. சொந்த வகைக்குப் பெயர்கூட வைக்க முடியாது. 2000இல் சோப், 2001இல் சேவையின் ஒப்பந்தத்தை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல்., அதே ஆண்டு 44 உள்ளமைந்த வகைகளோடு எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா. இப்போது யாரும் தன் சொந்த வகையைப் பெயர் வைத்து அறிவிக்கலாம். கேட்கிற கணினியான கிளையன்ட், கொடுக்கிற கணினியான சர்வரின் ஒப்பந்தத்தைப் படித்து, அதே பெயரில் தன் பக்கம் ஒரு வகையைத் தானே செய்துகொள்ளும்.

கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. 2002இல் வந்த மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொண்ட சுவர் இது. சர்வரிலும் கிளையன்டிலும் ஒரே நூலகத்திலுள்ள ஒரே வகையைத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்திலிருந்து உண்டாக்கப்பட்ட வகை தனி. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விவரங்கள். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் மொழிமாற்றி மறுத்துவிடும். செய்துகொண்ட வகையில் வெளியே தெரியும் விவரங்கள் மட்டும் இருக்கும், செயல்கள் இருக்காது. பட்டாவில் பாத்தியம் இல்லாததுபோலவே. பிற்பாடு வகைகளைப் பகிர்ந்துகொள்ள வழிகள் வந்தன. ஆனால் பகிர்வதென்றால் இரண்டு பக்கமும் ஒரே நூலகத்தை வைத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். மறுபடி சொந்தத்துக்குள் சம்பந்தம்.

இந்த மறுப்பாவது சத்தம் போடுகிறது. ஓடுகிற நேரத்தில் நடப்பது வேறு. வந்து சேர்ந்த கட்டில் தனக்குத் தெரியாத விவரம் ஒன்று இருந்தால், அந்தக் காலத்து டாட்நெட் பிரிப்பான் வழக்கமாகப் பிழை எதுவும் சொல்லாது. அதைத் தாண்டிப் போய்விடும். 2006இல் அடுத்து வந்த பிரிப்பான், விவரங்கள் எதிர்பார்த்த வரிசையில் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு மேலே நடக்கும். இது வழுவும் அல்ல, வழுவமைதியும் அல்ல. வழு என்றால் யாராவது மறுத்திருக்க வேண்டும். வழுவமைதி என்றால் யாராவது காரணம் சொல்லி ஏற்றிருக்க வேண்டும். இங்கே ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. இடம் இருக்கிறது, ஆள் இல்லை. நவீன அதிகாரம் விலக்குவதைவிட இப்படி வெறுமையாக ஏற்றுக்கொள்வதில்தான் அதிகம் இயங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விலக்கப்பட்டவன் சண்டைக்குப் போகலாம். வெறும் இடமாகப் பதிவானவன் யாரிடம் போவான்?

2006இல்தான் ஜேசன் என்ற எழுத்துமுறையும் ஆர்.எஃப்.சி. ஆவணமாகப் பதிவானது, இன்று பெரும்பாலான சேவைகள் அதில்தான் பேசுகின்றன. அதில் தேதி என்ற வகையே இல்லை. நம் ஜமாபந்திக் கணக்கின் பசலி ஆண்டு, ஜூலையில் தொடங்கி கிறிஸ்து ஆண்டிலிருந்து 590 குறைந்து வருகிற அந்த ஆண்டு, எந்த நெறியிலும் இல்லை. எண்ணாகவோ எழுத்தாகவோ வேஷம் போட்டுத்தான் அது போக வேண்டும். புல எண் 12/1 என்று அட்டவணை மென்பொருளில் தட்டினால் அது தேதியாக மாறி உட்காருவதைப் பார்க்காத கிராம நிர்வாக அலுவலர் இருக்க மாட்டார்.

2018இல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு பத்திர விவரம் இணைய வழியாகவே வருவாய்த்துறையின் தமிழ்நிலத்துக்குப் போகிறது. உட்பிரிவு தேவைப்படாத நிலமானால் பட்டா தானே மாறும். உட்பிரிவு செய்ய வேண்டுமானால் நில அளவர் வந்தாக வேண்டும். இது சாதாரண மாற்றம் அல்ல. கர்ணத்தின் திண்ணையில் காத்துக் கிடந்த பேரன் இன்று செல்பேசியில் தன் பட்டாவைப் பார்க்கிறான். ரகசியம் உடைந்தது. ஆனால் கிணற்றுப் பங்கு பத்திரத்தோடு நின்றுவிடுகிறது. பட்டாவை மட்டும் பார்த்து விலை பேசுகிறவனுக்கு அந்த நிலம் வெறும் 91 ஏர்.

ஓரம் வைக்கவே முடியாதா என்றால், வைக்கலாம். எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவில் 'எதுவும் வரலாம்' என்று ஓர் இடத்தைத் திறந்துவைக்க முடியும். 2006இன் பிரிப்பானிலும் ஓர் ஏற்பாடு உண்டு: தனக்குப் புரியாத விவரத்தை எறிந்துவிடாமல் மடித்து வைத்துக்கொண்டு, பொருள் திரும்பப் போகும்போது அப்படியே கொடுத்தனுப்பும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி தன் பேர் போட்ட கடுதாசியைப் பிரிக்காமல் முந்தியில் முடிந்து வைத்திருப்பதுபோல. இதை மூடிவைக்கவும் ஒரு வழி தந்திருக்கிறார்கள். தெரியாததையெல்லாம் எல்லையில்லாமல் சுமந்தால் சர்வர் திணறிவிடும் என்பது நியாயமான காரணம்தான். ஆதார் சரிபார்ப்பு நெறியிலும் பெயரை முழுசாகப் பொருத்துவதா, பகுதியாகப் பொருத்துவதா என்று கேட்கும் இடம் வைத்திருக்கிறார்கள். வட்டார மொழிப் பெயருக்குத் தனி இடமும் உண்டு. கேட்கிற பக்கம் ஒன்றும் சொல்லாவிட்டால் முழுப் பொருத்தம் என்றே கொள்ளப்படும். இந்த இடங்களைக் கட்டியவர்களுக்கு நம்மைப் போன்ற பெயர்கள் உண்டு என்பது தெரிந்திருக்கிறது. அழைக்கிற அலுவலகத்தின் நிரலை எழுதியவர் அதை நிரப்பினாரா என்பதுதான் கேள்வி.

பெரியப்பா கடைசியில் அட்டையைத் திருத்தவில்லை. பட்டாவைத் திருத்த மனுக் கொடுத்தார். மூன்று தடவை அலைந்து, நாலாவது தடவை பெயர் அட்டையில் உள்ளபடி வந்தது. அச்செடுத்த தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பா பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, "எங்கய்யாவ ஒத்த எழுத்தாக்கிட்டானுகளேப்பா" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிணற்றுப் பங்கு எழுதிய பழைய பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்.