எழுத்தறிவித்தோரின் கூட்டுறவு: திண்ணை முதல் தாராவி வரை

எழுதக் கற்பிப்பது தனியொருவர் செய்யும் தொழில் என்று எண்ணிப் பழகிவிட்டோம். திண்ணைப் பள்ளியின் சம்பிரதாயமோ அவ்வாறு இருந்ததில்லை. அங்கே அண்ணாவி எனப்பட்ட ஆசிரியரிடம் பாடம் கேட்ட மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளை என்னும் பெயரோடு இளையோரின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் இப்பழக்கத்தைக் கண்டு, மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு தம் விடுதியில் கைக்கொண்டு, 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டமையால், அது ‘மதராஸ் முறை’ என்று இங்கிலாந்தில் பரவிற்று. ஆங்கில நாட்டார் அதில் பெரிதும் கண்டது சிக்கனம். கற்றவன் தான் கற்ற சிரமம் மறவாதிருக்கும்போதே பிறனுக்குக் கற்பிக்கும் அந்த அந்நியோந்நியமே அம்முறையின் ஜீவன் என்பது என் துணிபு.

பம்பாயில் குடியேறிய தமிழரிடையே எழுத்துப் போதனை இரு வேறு சூழல்களில் வளர்ந்தது. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவியில் குடியேற, உத்தியோகம் நாடி வந்தோர் மாதுங்காவில் வேரூன்றினர். மாதுங்காவில் 1932-இல் எம். வி. வேங்கடேசுவரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தாராவிப் பிள்ளைகள் பெரிதும் நகராட்சிப் பள்ளிகளையே நம்பியிருந்தனர். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசியல் சாசனத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டதாயினும், தமிழ் எழுதக் கற்பிக்கும் உபாத்தியாயர் தம் ஐயத்தை யாரிடம் சென்று கேட்பது என்பதற்குச் சாசனம் விடை கூறவில்லை.

அந்த ஐயம் சிறிதன்று. 1978-இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அவ்வாணை மராட்டிய மாநிலத்தைக் கட்டுப்படுத்துவதன்றெனினும், ஊரிலிருந்து வரும் புத்தகமும் வாரப் பத்திரிகையும் மெல்ல மெல்லப் புதிய ‘னை’யைக் கொண்டுவர, பாட்டியின் கடிதமோ துதிக்கை வைத்த பழைய வடிவத்தையே ஏந்தி வந்தது. இரண்டையும் கண்ட குழந்தைக்கு எது பிழை, எது பழமை என்று விளக்குவது ஆசிரியரின் கடனாயிற்று. நாகரியும் உடன் பயிலும் குழந்தை தமிழ்ச் சொல்லின் தலைமேல் கோடு இழுத்துவிடும். மராத்தியில் ‘ள’ உண்டு, ‘ழ’ இல்லையாதலால், ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றெழுதும். ‘க’ ஒன்றே நான்கு ஒலிக்கும் எப்படி நிற்கிறது என்று கேட்கும். திருநெல்வேலியில் இருக்கும் ஆசிரியருக்கு இக்கேள்விகள் எழுவதரிது. ஆதலின் அங்கே அச்சான போதனாமுறை நூல்களில் இவற்றுக்கு விடை தேடுவது வீண்.

ஆசிரியர் கூடி விடை தேடும் வழி புதிதன்று. 1964–66-இல் பணிபுரிந்த கோத்தாரி கல்விக்குழு அண்டையிலுள்ள பள்ளிகளை ஒரு தொகுதியாக இணைக்கப் பரிந்துரைத்தது. 1974-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் ஜேம்ஸ் கிரே, எழுதக் கற்பிப்போர் தாமும் எழுதிப் பழகவேண்டும், ஆசிரியருக்கு ஆசிரியரே சிறந்த குரு என்னும் கொள்கையோடு கோடைக்கூட்டங்களைத் தொடங்கினார். இவ்விரண்டிற்கும் பம்பாயில் அமைந்த வாய்ப்பு அபூர்வமானது. எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் இம்மாநகராட்சியில் ஒரே கட்டடத்துள் பல மொழிப் பள்ளிகள் அடுத்தடுத்து இயங்குவதுண்டு. தமிழாசிரியருக்கு மிக அருகில் உள்ள சகபாடி செம்பூரிலோ சென்னையிலோ இருப்பவர் அல்லர். சுவருக்கு அப்பால் ळ எழுதக் கற்பிக்கும் மராத்தி ஆசிரியரே. இருவரும் தத்தம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை ஒரே மேசைமேல் விரித்தால், இங்கே ‘ழ’வுக்காகத் தவிக்கும் விரலும் அங்கே தலைக்கோட்டை மறந்த விரலும் அருகருகே தென்படும்.