புளோரிடாவில் வலை தோற்ற கதை

1994 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநில வாக்காளர்கள் கரையோரக் கடலில் செவுள் வலையைத் தடைசெய்தார்கள். சாதாரண சட்டமாக இல்லை, மாநில அரசியலமைப்பிலேயே எழுதி! கேட்டது ஆர் எண்டால், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுறவர்கள். வலையில் சிக்கிய ஆமைகளின் படங்களைக் காட்டிக் கையெழுத்துச் சேர்த்தார்கள். 72 வீதம் 'ஆம்'. 1995 யூலை 1 முதல் அமுல்.

மீன் குறையுது எண்ட அவர்களின் கவலை பொய்யில்லை. ஆனால் மடவை மீன் லேசில் தூண்டில் கடிக்காது. முட்டைக்காக அதை வலைபோட்டுப் பிடிச்சுச் சீவிச்ச கடற்தொழிலாளர்கள் எண்ணிக்கையில் கொஞ்சப்பேர். வாக்குப்பெட்டியில் அவர்கள் எப்பிடி வெல்லுறது? இதை நான் நியாயமான போட்டி எண்டு சொல்லமாட்டன். பிறகு மாநில அரசு வலைகளை விலைக்கு வாங்கியது. சீடர் கீ எண்ட சின்ன ஊரில் கனபேர் மட்டி வளர்ப்புக்கு மாறினார்கள். மடவைக்குப் போனவர்களுக்கு வீச்சுவலைதான் மிஞ்சியது.