காவலும் மின்மணியும்

வீட்டைக் காக்கும் கவலை, மனிதன் வீடு கட்டத் தொடங்கிய நாள்முதலே உடன்வந்தது. அக்கவலைக்குக் காலந்தோறும் மக்கள் வேறுவேறு வழி கண்டுள்ளனர். இன்று கண்டுள்ள வழி, திருடன் புகுந்தால் தானே ஒலிக்கும் மின்மணி. அதன் வரலாற்றையும் தொழிற்படும் முறையையும் சிங்கப்பூரின் காவல் வரலாற்றோடு சேர்த்து ஈண்டுக் காண்போம்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், நூலேணியும் நிலம் அகழும் உளியும் கொண்டு நள்ளிரவில் திரியும் கள்வரைக் காண்கிறோம். மழைபெய்து தெருவில் நீர் ஓடும் இரவிலும் சோர்வின்றிச் சுற்றிவரும் ஊர்காவலரையும் காண்கிறோம். சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் வரி பயின்று வருகிறது. ஊர்க்காவலுக்காக மக்கள் இறுத்த கடமை அது. சுவரில் ‘கன்னம்’ வைத்தல் என்னும் வழக்கும், அதற்குரிய ‘கன்னக்கோல்’ என்னும் பெயரும் நம் மொழியில் நிலைத்துவிட்டன. அன்றைய காவல் முழுவதும் மனிதனுடைய கண்ணையும் காதையும் நம்பியிருந்தது.

சிங்கப்பூரிலும் தொடக்கம் அவ்வாறே. ராபிள்ஸ் 1819இல் வந்திறங்கினார். அடுத்த ஆண்டே, பிரான்சிஸ் ஜேம்ஸ் பெர்னார்டு தலைமையில் காவல்துறை தோன்றியது. 1881இல் சீக்கியக் காவற்படை அமைந்தது. வங்கிகளும் பண்டகசாலைகளும் சீக்கியரையும் பிற வடஇந்தியரையும் தனிக் காவலராக அமர்த்திக்கொண்டன. ஐந்தடி நடைபாதையில் கயிற்றுக் கட்டிலை இட்டு வாயிலைக் காத்த அக்காவலரை மக்கள் ‘ஜாகா’ என்றனர். இஃது ஒரு மலாய்ச் சொல். இதன் வேரும், நாம் வழங்கும் ‘ஜாக்கிரதை’ என்னும் சொல்லின் வேரும் வடமொழியில் ஒன்றே; ‘விழித்திருத்தல்’ என்பது அதன் பொருள். காவலின் இலக்கணமே இச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

வீட்டின் அமைப்பும் காவலுக்குத் துணைநின்றது. லிட்டில் இந்தியாவில் இன்றும் காணப்படும் கடைவீடுகளைப் போன்றவை இந்நகரில் பல உண்டு. அத்தகைய பழைய வீடுகள் சிலவற்றில், மேல்மாடித் தளப்பலகையில், வாயிலுக்கு நேர்மேலே ஒரு சிறு துளை இருக்கும். கதவைத் தட்டுபவர் யாரென்று மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஆயினும் மனிதன் உறங்குபவன். உறங்காத காவலைத் தேடியதன் பயனே மின்மணி. அமெரிக்காவில் சாமர்வில் என்னும் ஊரைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எட்வின் ஹோம்ஸ் 1857இல் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, இதனைத் தொழிலாக வளர்த்தார்.

இரும்பாணியில் செம்புக்கம்பியைச் சுற்றி மின்கலத்தோடு இணைத்தால் ஆணி காந்தமாவதை வகுப்பறையில் மாணாக்கர்க்குக் காட்டுகிறோம். மின்மணிக்கும் அதுவே அடிப்படை. கதவு திறந்ததும் மின்சுற்று நிறைவுறும், மின்காந்தம் சிறு சுத்தியலை இழுக்கும், மணி ஒலிக்கும்.

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. கள்வன் கம்பியை முன்னரே அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும். இக்குறையை நீக்க எழுந்ததே மூடிய சுற்று முறை. இதில் மின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். மின்காந்தம் ஓர் இரும்புத் தகட்டைப் பற்றிக்கொண்டிருக்கும். கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் ஓட்டம் நிற்கும். உடனே தகடு விடுபட்டு, வேறொரு மின்கலத்தோடு இணைந்த மணியை ஒலிக்கச் செய்யும். கம்பியை அறுப்பதே கள்வனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது!

இன்று பல வீடுகளில் கதவில் ஒரு காந்தமும், நிலையில் மெல்லிய உலோக இதழ்கள் இரண்டு அடங்கிய கண்ணாடிக் குழாயும் பொருத்தப்படுகின்றன. காந்தம் விலகினால் இதழ்கள் பிரியும்; செய்தி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும். இவ்வகை இணைப்பை 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்ட்டர் எல்வுட் உருவாக்கினார். அறைக்குள் நடமாடும் மனித உடலின் வெப்பக்கதிரை உணரும் கருவிகளும் உள்ளன. பெட்டி சங்கொலி எழுப்புவதோடு, வீட்டுக்காரரின் தொலைபேசிக்கும் செய்தி அனுப்பும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மதுரைக் காவலர் விழித்திருந்ததோடு அமையாது, ஓடிச்சென்று கள்வரைப் பற்றவும் செய்தனர். கருவியோ விழித்திருத்தலாகிய முற்பகுதியை மட்டுமே ஏற்றுக்கொண்டது. ஓடிவருதல் இன்றும் மனிதர் கடமையே. காற்றுக்கும் பூனைக்கும் அடிக்கடி ஒலிக்கும் மணி, ‘புலி வருது’ கதைச் சிறுவனின் கூக்குரலாகிவிடும். உண்மையாகவே கள்வன் வரும் நாளில் யாரும் எட்டிப்பாரார்.

சிங்கப்பூர் இதனை நன்குணர்ந்தது எனலாம். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், மக்கள் பழைய தெருக்களை விட்டு அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அண்டைவீட்டார் புதியவராயினர். அந்நிலையில் 1981இல் அண்டை அயலார் கண்காணிப்புத் திட்டமும், 1983இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் நிலையமும் ஏற்பட்டன. கதவுக்கு இரும்புக்கம்பி இட்டால் மட்டும் போதாது, அடுத்த வீட்டாரோடு அறிமுகமும் வேண்டும் என்பதே அவற்றின் கருத்து.

மின்காந்தத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், மணி எவ்வாறு ஒலிக்கிறது என்பதோடு, அதனைக் கேட்டவர் செய்யவேண்டுவது யாது என்பதையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று.