தமக்கையின் சொல்

ஒருவர் இக்கட்டில் சிக்கித் தவிக்கும்போது உடன்பிறந்தார் கூறும் ஆலோசனைக்குத் தனிமதிப்பு உண்டு. அமைச்சரின் சொல்லில் பதவியைப் பற்றிய அச்சம் கலந்திருக்கக்கூடும். நண்பரின் சொல்லில் முகதாட்சண்யம் கலந்திருக்கக்கூடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையே இவ்விரண்டும் குறைவு. ஆனால், உடன்பிறந்தாருக்குள்ளேயே வழக்கு மூண்டுவிட்டால் அந்தச் சொல்லின் கதி என்ன? ஜஹானாரா பேகத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடையளிக்கிறது.

ஷாஜஹானின் மகளான ஜஹானாரா 1614-ல் பிறந்தார். 1631-ல் அன்னை மும்தாஜ் மஹல் மறைந்தபோது அவருக்கு வயது 17. அன்று முதல் பாதுஷா பேகமாக அரண்மனைப் பொறுப்பு முழுவதையும் அவரே ஏற்றார். தாயை இழந்த தம்பியருக்கு அவர் மற்றொரு தாயாகவும் விளங்கினார்.

1644-ல் விளக்கின் சுடர் ஆடையில் பற்றியதால் ஜஹானாரா கடுந்தீக்காயமுற்றார். தமக்கையைக் காணத் தக்காணத்திலிருந்து ஆக்ரா வந்த ஔரங்கசீப், தந்தையின் சினத்துக்காளாகிப் பதவி இழந்தார். உடல் நலம் பெற்ற ஜஹானாரா தம்பிக்காகப் பரிந்து பேசினார். அதன் பின்னர் 1645-ல் ஔரங்கசீப் குஜராத்தின் ஆளுநரானார். பிற்காலத்தில் மீண்டும் தக்காணத்தை ஆண்டபோதும், தந்தையின் ஐயத்தால் தமக்கு நேர்ந்த மனவேதனைகளை அவர் தமக்கைக்கே கடிதங்களில் எழுதினார்.

1657-ல் ஷாஜஹான் நோயுற்றதும் வாரிசுப் போர் வெடித்தது. ஆன்மிக நாட்டத்தில் தம்முடன் ஒன்றிய தாராஷிகோவையே ஜஹானாரா ஆதரித்தார். எனினும், போரைத் தவிர்க்குமாறு ஔரங்கசீப்புக்கு மடல் விடுத்தார். அது பயனளிக்கவில்லை. 1658 மே மாதம் சாமுகர் களத்தில் தாரா தோற்றார். யமுனை நீர் வரும் வழி அடைக்கப்பட்டதும் ஆக்ரா கோட்டை பணிந்தது.

அந்நிலையில் ஜஹானாரா தாமே தம்பியின் பாசறைக்குச் சென்றார். பஞ்சாப் தாராவுக்கு, வங்காளம் ஷுஜாவுக்கு, குஜராத் முராதுக்கு, தக்காணம் ஔரங்கசீப்பின் மூத்த மகனுக்கு, எஞ்சிய பேரரசும் பட்டத்துரிமையும் ஔரங்கசீப்புக்கு என்பதே அவர் கொணர்ந்த யோசனை. ஔரங்கசீப் அதனை ஏற்கவில்லை.

காரணம் விளங்காததன்று. முகலாயரிடம் வாரிசுரிமைக்குத் திட்டமான விதி இருந்ததில்லை. அரியணை, இன்றேல் சவப்பலகை என்பதே இளவரசர்களின் நிலை. பஞ்சாபில் படையோடு வாழும் தாரா தமக்கு என்றும் ஆபத்தே என வெற்றி பெற்றவர் கருதினார். தாராவின் பக்கம் நின்ற தமக்கையும் அவர் கண்ணுக்கு நடுவராகத் தோன்றியிருக்க மாட்டார். ஒரு காலத்தில் அவர் நாடிச் சென்ற சொல், இப்போது எதிரணியின் சொல்லாகிவிட்டது. விளைவு? 1659-ல் தாராவும் 1661-ல் முராதும் கொல்லப்பட்டனர்; ஷுஜா அரக்கானுக்கு ஓடி அங்கே மடிந்தார்.

ஜஹானாரா தம்பியின் அரசவையை நாடவில்லை. சிறைப்பட்ட தந்தைக்கு ஏழரை ஆண்டுகள் பணிவிடை செய்தார். மகனை மன்னிக்குமாறு அத்தந்தையை வேண்டி இணங்கவைத்தவரும் அவரே. 1666-ல் ஷாஜஹான் மறைந்தபின், ஔரங்கசீப் தமக்கையிடம் நேரில் சென்று, பாதுஷா பேகம் என்னும் தகுதியை மீண்டும் அளித்தார். 1681-ல் ஜஹானாரா காலமான செய்தி கேட்டு மூன்று நாட்கள் நகரா முழக்கத்தை நிறுத்தச் செய்தார்.

டில்லியில் நிஜாமுத்தீன் அவுலியா தர்கா வளாகத்தில் அவரது அடக்கவிடம் கூரையின்றி வானம் பார்த்துக் கிடக்கிறது. தம் ஆலோசனை தள்ளப்பட்ட பின்னரும் உறவைத் தள்ளாதிருந்த ஒரு தமக்கை அங்கே துயில்கிறார்.