தூந்திர டயர்

தூந்திர டயர் என்பது காற்றழுத்தம் மிகக் குறைந்த, பருத்த, மென்மையான விமான டயர். ஓடுதளமே இல்லாத ஆற்றுத்திட்டு, மலைமுகடு, சதுப்புப் புல்வெளி, கடற்கரை ஆகியவற்றில் இறங்கி ஏறுவதற்காக இதைச் சிறு விமானங்களில் பொருத்துகிறார்கள். வழக்கமான இரண்டு இருக்கை விமானத்தின் டயர் ஏறக்குறைய 20 அங்குல விட்டத்தோடு நின்றுவிடும். தூந்திர டயர்கள் 26, 29, 31, 35 அங்குல விட்டங்களில் கிடைக்கின்றன. இப்படி மாற்றப்பட்ட விமானத்தில் முதலில் கண்ணில் படுவது இந்த டயர்தான் என்றாலும், வரலாற்றில் அது பிந்தி வந்தது. மெதுவாகப் பறக்கத் தெரிந்த இறக்கை அதற்கு முன்பே உருவாகியிருந்தது, அதைத் தூக்கிச் செல்லும் என்ஜினும் வந்துவிட்டது. பெரிய டயர் வந்ததும் கால், பிரேக், புரொப்பெல்லர், வால்சக்கரம் என்று ஒவ்வொன்றும் அதன் பின்னாலேயே மாற வேண்டியதாயிற்று. இந்த மாற்றங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நிகழ்ந்தது.

அலாஸ்காவின் பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம், இந்தியாவில் பாதிக்குச் சற்று மேல். அங்குள்ள ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாலை கிடையாது. தலைநகர் ஜூனோவுக்கே தரைவழியாகப் போய்ச் சேர முடியாது, கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். பனியாறுகள் அரைத்துக் கொண்டுவரும் சரளையை ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து பரப்பிவிட்டுப் போகின்றன. மரமற்ற அந்தச் சரளைத் திட்டுகள்தான் அந்நிலத்தில் இயற்கை கொடுத்த ஓடுதளங்கள். ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அவற்றின் வடிவம் மாறிவிடும். சென்ற ஆண்டு இறங்கிய திட்டு இந்த ஆண்டு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

1924 பிப்ரவரியில் கார்ல் பென் ஐல்சன் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத் என்ற ஊருக்குத் தபால் கொண்டுசென்றார். நாய் வண்டிகள் வாரக்கணக்கில் கடந்த தூரத்தை அவர் மூன்று மணி நேரத்துக்குள் கடந்தார். அவருடைய டி ஹாவிலண்ட் விமானம் பனிச்சறுக்குக் கட்டைகளின் மீது இறங்கியது. குளிர்காலத்தில் சறுக்குக் கட்டை, ஏரி உருகிய கோடையில் மிதவை என்று அக்கால விமானிகள் பருவத்தோடு பருவமாக விமானத்தின் கால்களை மாற்றிக்கொண்டார்கள். வால்டீஸ் நகரில் பாப் ரீவ் 1930களில் இன்னொரு வழி கண்டார். கடல் வற்றும் நேரத்தில் வெளிப்படும் சேற்றுப்பரப்பில் சறுக்குக் கட்டைகளோடு கிளம்பி, பனியாறுகளின் மேல் இருந்த சுரங்கங்களுக்குப் பொருள் கொண்டுசென்றார். கடல்மட்டத்தில் சேறு, மேலே பனி. இரண்டிலும் ஒரே கட்டைகள் சறுக்கின. சறுக்குக் கட்டைக்கும் மிதவைக்கும் ஒத்துவராத இடம் கல்லும் சரளையும்தான். அங்கே சக்கரம் வேண்டும்.

டயரின் முன்னோடியும் ஏறக்குறைய அதே காலத்தது. 1920களின் இறுதியில் குட்இயர் நிறுவனம் ‘ஏர்வீல்’ என்ற விமான டயரை அறிமுகப்படுத்தியது. சின்னஞ்சிறிய சக்கரக் குடத்தின் மேல் நேரடியாக மாட்டிய, காற்றழுத்தம் குறைந்த உருண்டை டயர் அது. புல்தரையில் இறங்கும் இலகு விமானங்களுக்கு அது மிகவும் பொருந்தியது. 1938இல் வந்த பைப்பர் ஜே-3 கப் விமானமும் 4 அங்குலக் குடத்தில் இத்தகைய பருத்த டயரோடுதான் வந்தது. எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணிப்போர்வை, பின்னர் 65 குதிரைத்திறனுக்கு உயர்ந்த என்ஜின், ஏறக்குறைய 345 கிலோ வெற்றெடை. இரண்டாம் உலகப் போரில் இதே விமானம் எல்-4 என்ற பெயரில் வயலிலும் சாலையிலும் இறங்கி, பீரங்கிப் படைக்குக் கண்ணாக இருந்தது. போர் முடிந்ததும் உபரி விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன.

1949இல் பைப்பர் நிறுவனம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஆலையிலிருந்து பிஏ-18 சூப்பர் கப்பை வெளியிட்டது. இக்கட்டுரையின் நாயகன் என்று ஒரு விமானத்தைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப் சேர்ந்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் என்ஜின் 150 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 794 கிலோ. ஃபிளாப்பை முழுதும் இறக்கினால் மணிக்கு 70 கிலோமீட்டர் அளவு வேகத்திலும் அதன் இறக்கை விமானத்தைத் தாங்கும். எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தரையைத் தொடும்போது விமானத்தின் தரைவேகம் வெறும் 40தான். இறங்கும் விமானம் தரையில் கரைக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், வேகத்தில் குறையும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பெரிய லாபம். வேட்டை வழிகாட்டிகள், மீன்வள அலுவலர்கள், சுரங்கக்காரர்கள் எல்லாரும் இந்த விமானத்தைத் தேடிப்போனதற்கு இதுவே காரணம். 1994இல் உற்பத்தி நின்ற பிறகும் பழைய சட்டங்களைப் புதுப்பித்துப் பறக்கவிடுவது தனித்தொழிலாகவே வளர்ந்தது.

காற்றைக் குறைப்பதன் பயன்

தரை எவ்வளவு தாங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது டயரின் காற்றழுத்தம். முழுச்சுமையோடு நிற்கும் சூப்பர் கப்பின் எடை 1,750 பவுண்டு. வாலின் பங்கைத் தள்ளிவைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு முன்சக்கரமும் 875 பவுண்டைச் சுமக்கிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு காற்று இருந்தால் அது தரையில் பதியும் பரப்பு 35 சதுர அங்குலம். அதையே 8 பவுண்டாக இறக்கினால் பரப்பு ஏறக்குறைய 110 சதுர அங்குலமாக விரியும். மணலில் புதைந்த ஜீப்பின் டயரில் காற்றைக் குறைத்ததும் அது ஏறி வருவது இதே கணக்கால்தான். ஆனால் சிறிய டயரில் இவ்வளவு குறைவான காற்றை வைத்தால் அது நசுங்கி, ரிம் கல்லில் மோதும். நசுங்குவதற்கு இடம் வேண்டும், அதற்கு உயரமான பக்கச்சுவர் வேண்டும், ஆகவே டயர் பெரிதாகத்தான் வேண்டும்.

பெரிய டயருக்கு இன்னொரு குணமும் உண்டு. சிறிய சக்கரத்துக்குத் தடையாக நிற்கும் கல்லின் மேல் பெரிய சக்கரம் எளிதாக ஏறிவிடும். மென்மையான 31 அங்குல டயர் தேங்காய் அளவுக் கல்லைத் தனக்குள் அமிழ்த்திக்கொண்டு உருண்டுபோகும். அதிர்ச்சி காலுக்கும் சட்டத்துக்கும் போகுமுன் ரப்பரிலேயே பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

தொடக்கத்தில் அலாஸ்கா விமானிகள் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார்கள். பெரிய விமானங்களின் டயர்களை இணைப்பு வளையங்கள் மூலம் கப்பின் சக்கரத்தில் பொருத்தினார்கள். பிறகு குட்இயர், மெக்ரியரி நிறுவனங்களின் பருத்த டயர்கள் பரவின. இவற்றில் ஒரு தொல்லை தீரவேயில்லை. காற்று குறைந்த டயர் ரிம்மை இறுகப் பிடிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போதும் தரை தொடும் நொடியிலும் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுழலும், உள்ளே இருக்கும் டியூபின் வால்வு அறுந்துபோகும். மனித நடமாட்டமே இல்லாத ஆற்றுத்திட்டில் காற்றிறங்கிய டயரோடு நிற்பது சின்ன விஷயமல்ல. டயர் நழுவாமலிருக்க ரிம் வழியாகத் திருகுகள் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

அலாஸ்கன் புஷ்வீல் என்ற பெயரில் வந்த டயர்கள் இந்தச் சிக்கலுக்கு நேரடியாக விடை கண்டன. வால்வை ரிம்மிலிருந்து எடுத்து டயரின் பக்கச்சுவரிலேயே பதித்தார்கள். இனி டயர் எவ்வளவு நழுவினாலும் வால்வு அதனோடு சேர்ந்தே சுற்றும், அறுபடாது. மிக மென்மையான ரப்பர், ஒற்றை இலக்கப் பவுண்டுகளில் காற்று. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான். இதன் விலையும் கூடுதல், ஆயுளும் குறைவு. தார்ச்சாலை போன்ற ஓடுதளத்தில் இந்த ரப்பர் விரைவாகத் தேய்ந்துவிடும். அதனால் நகரத்துக்கு வரும்போதும் விமானிகள் தார்த்தளத்தை விட்டுப் பக்கத்துப் புல்லிலோ சரளையிலோ இறங்கப் பார்ப்பார்கள். ஆங்கரேஜ் நகரின் லேக் ஹூட் மிதவை விமானத் தளத்தை ஒட்டியே சக்கர விமானங்களுக்கென ஒரு சரளை ஓடுதளம் இருக்கிறது.

ஒன்றை மாற்றினால்

டயரின் விட்டம் கூடினால் பிரேக்கின் பலம் குறையும். அதே பிரேக் தட்டு இப்போது நீண்ட நெம்புகோலுக்கு எதிராக இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இரட்டைப் பிஸ்டன் கொண்ட வலுவான பிரேக்குகள் வந்தன. வலுவான பிரேக் வந்ததும் மூக்குக் குப்புறக் கவிழும் ஆபத்து கூடியது, ஏனெனில் வால்சக்கர விமானத்தில் எடைமையம் முன்சக்கரங்களுக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. இதற்குச் சக்கரங்களை முன்னுக்குத் தள்ளி, கால்களை 3 அங்குலம் நீட்டினார்கள். நீண்ட கால் புரொப்பெல்லரைக் கல்லிலிருந்து விலக்கியது. விமானம் தரையில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்ததால் ஓடத் தொடங்கும்போதே இறக்கைக்கு நல்ல கோணமும் கிடைத்தது.

கால்களின் அதிர்வுதாங்கியாகப் பைப்பர் வைத்தது தடித்த ரப்பர் வடம். மோசமான இறக்கத்தில் அது விமானத்தை மீண்டும் மேலே எறிந்துவிடும். வடம் அறுந்தால் கால் விரிந்து இறக்கை தரையில் படும். அப்படி ஆகாமல் தடுக்க எஃகுக் கம்பி கட்டினார்கள். பிற்காலத்தில் வடத்துக்குப் பதிலாக எண்ணெய், வாயு அதிர்வுதாங்கிகள் வந்தன. இறங்கும் அடியை இவை விழுங்கிக்கொள்ளும், திருப்பித் தருவதில்லை. வாலில் இருந்த சின்னஞ்சிறு கெட்டி ரப்பர்ச் சக்கரம் கற்களுக்கிடையே சிக்கி முறிந்தது, அதற்குப் பதிலாகக் காற்றடைத்த பெரிய சக்கரமும் தடித்த வில்பட்டையும் வந்தன.

புரொப்பெல்லர் 74 அங்குலத்திலிருந்து 82 அங்குலமாக நீண்டது. ‘போரர்’ என்று விமானிகள் அழைக்கும் இதன் அலகுத் திருகல் குறைவு. நின்ற இடத்திலிருந்து இது பலமாக இழுக்கும், வானில் வேகம் குறையும். இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு தகடுகளைப் பதித்துக் காற்றோட்டத்தை இறக்கையோடு ஒட்டவைத்தார்கள். ஃபிளாப்பை நீட்டினார்கள், சிலர் முன்விளிம்பில் ஸ்லாட் தகடுகளையும் சேர்த்தார்கள்.

இவை எதையும் உரிமையாளர் தன் விருப்பப்படி செய்துவிட முடியாது. சான்றளிக்கப்பட்ட விமானத்தில் பெரிய மாற்றம் செய்ய, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் தரும் துணை வகைச் சான்றிதழோ, அந்த ஒரு விமானத்துக்கு மட்டுமான நேரடி ஒப்புதலோ தேவை. ஒரு சூப்பர் கப்பின் ஆவணக்கட்டில் இப்படிப்பட்ட சான்றிதழ்கள் பலவும் அடுக்காக இருப்பது சாதாரணம். மாற்றங்களைத் தொழிற்சாலையிலேயே செய்து தரும் விமானங்கள் பின்னர் வந்தன. 1987இல் ஹஸ்கி என்ற விமானம் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் 1980இல் சூப்பர் கப்களைப் புதுப்பிக்கத் தொடங்கிய கப்கிராஃப்டர்ஸ் நிறுவனம் பின்னாளில் 180 குதிரைத்திறன் கொண்ட கார்பன் கப்பைக் கட்டியது.

எல்லைகள்

பெரிய டயர் காற்றில் பெரிய தடை. பயண வேகமும் மேலேறும் வேகமும் குறையும், எடையும் கூடும். 1990களின் நடுவில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பெரிய டயர் பொருத்திய சூப்பர் கப்களின் ஸ்டால் விபத்துகளைச் சுட்டிக்காட்டி, டயர்களின் பங்கை ஆராயக் கேட்டது. ஸ்டால் என்பது இறக்கை தூக்குவிசையைத் திடீரென இழந்துவிடும் நிலை. விமானப் போக்குவரத்து நிர்வாகம் டயர்களைப் பொருத்தியே பறந்து சோதித்தது. விமானத்தின் ஸ்டால் குணம் ஆபத்தாக மாறவில்லை, செயல்திறன் குறைந்தது என்பதே முடிவின் சாரம். தாழப் பறந்து கீழே நிற்கும் மூஸ் மானைப் பார்த்தபடி வட்டமிடும் விமானி, வட்டத்தை இறுக்கிக்கொண்டே போய் ஸ்டாலில் விழுவது அலாஸ்காவில் பழைய, கொடிய விபத்து. அதற்கு விமானிகள் வைத்த பெயரே ‘மூஸ் ஸ்டால்’. டயரைப் பழித்து அந்தப் பழக்கத்தை மறைத்துவிடக் கூடாது.

பருத்த டயர் நீரின் மேல் சறுக்கும் என்பதைப் பயன்படுத்தி, ஆற்றுநீரில் சக்கரத்தை உரசியபடியே வந்து திட்டில் ஏறுபவர்களும் இருக்கிறார்கள். வேகம் ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் சக்கரம் மூழ்கும், விமானம் கவிழும். குறுகிய திட்டு ஒன்றுக்காக இவ்வளவு துணிய வேண்டியதில்லை.

வால்டீஸில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் குறுந்தூரப் போட்டியில் 2018இல் ஓர் இலகு விமானம் 9 அடி 5 அங்குலத்தில் இறங்கி நின்றது. 2023 மார்ச்சில் போலந்து விமானி லூக் செப்பியேலா, துபாயின் புர்ஜ் அல் அரப் விடுதி உச்சியில், 212 மீட்டர் உயரத்தில் 27 மீட்டரே அகலமுள்ள ஹெலிகாப்டர் தளத்தில் கார்பன் கப்பை இறக்கினார். பிரேக்கைக் கடுமையாகப் பிடித்தாலும் மூக்குக் கவிழாதிருக்க எரிபொருள் தொட்டியைப் பின்னுக்கு நகர்த்தியிருந்தார்கள்.

போட்டி விமானங்களில் சுமை இருப்பதில்லை. வேலை செய்யும் கப்பின் கதை வேறு, அதற்கு இறங்குவதைவிட ஏறுவதே கடினம். நல்ல டயரும் பிரேக்கும் விமானத்தை ஒரு திட்டில் நிறுத்திவிடும், ஆனால் அங்கிருந்து சுமையோடு கிளம்ப அதைவிட நீண்ட ஓட்டம் தேவை. ஒரு பெரிய மூஸ் மானிலிருந்து 230 கிலோ அளவுக்கு இறைச்சி கிடைக்கும், உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அலாஸ்காவில் சட்டப்படி குற்றம். விமானியும் எரிபொருளும் போக சூப்பர் கப்பில் மிஞ்சும் சுமையளவு அதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே வேட்டைக்காரரைத் திட்டிலேயே விட்டுவிட்டு, இறைச்சியைத் துண்டு துண்டாகப் பக்கத்திலுள்ள நீண்ட ஓடுதளத்துக்குக் கடத்தி, அங்கிருந்து பெரிய விமானத்தில் ஏற்றுவது இன்றும் வழிகாட்டிகளின் நடைமுறை.