தோட்டத்துக்குள் வராத அறிவகம்

மலையகத் தோட்டங்களில் ஸ்மார்ட்போன் இன்று அதிசயப் பொருளல்ல. பிள்ளைகள் யூடியூப் பார்க்கிறார்கள், வெளிநாட்டில் வேலை செய்யும் மகளுடன் தாய் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார். ஆனால் அரசாங்கப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்றால், பலருக்கு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள கொமியூனிகேஷன் கடைதான் கதி. அடையாள அட்டை இலக்கமும் கடவுச்சொல்லும் கடைக்காரரின் கைக்குப் போகின்றன. கடைக்குக் கொடுக்கும் காசைவிடப் பெரிய இழப்பு வேறு. வேலை நாளில் நகரத்துக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும்.

2022இல் எரிபொருளுக்கு கியூஆர் குறியீடு வந்தது. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது, பட்டியலில் விடுபட்டவர்கள் தங்கள் மேன்முறையீட்டை இணையவழியில் பதிவுசெய்யுமாறு கேட்கப்பட்டார்கள். இணையம் கையாளத் தெரியாதவர் இப்போது உரிமையையே இழக்கக்கூடும். அதனால் பொது இணைய வசதி என்ற பழைய பேச்சை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு உலகமே கவனித்த ஒரு முன்மாதிரி நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் கொத்மலை சமூக வானொலி இணையத்தை வானொலியோடு இணைத்தது. நேயர்கள் தங்கள் கேள்விகளைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததை உள்ளூர் மொழியில் விளக்கி ஒலிபரப்புவார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத விவசாயியும் இப்படி இணையத்தைப் பயன்படுத்தினார். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இணைய வசதி வைக்கப்பட்டது. ஊடகக் கற்கை படித்த நாட்களில் இந்தத் திட்டத்தை எனக்குப் பாடமாகவே சொல்லித்தந்தார்கள். தேடித் தந்து, புரியும்படி சொல்ல ஒரு மனிதர் இருந்ததுதான் அதன் பலம். ஆனால் அந்தக் குரல் பெரும்பாலும் சிங்களத்தில் ஒலித்தது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களின் மொழியோ தமிழ்.

அடுத்து வந்தது நெனசல. தமிழில் அறிவகம். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், உலக வங்கியின் கடனுதவியுடன் நாடு முழுவதும் இந்த நிலையங்களைத் திறந்தது. நூலகங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் சமூக நிலையங்களிலும் அவை அமைந்தன. 2014இல் நெனசல மின் நூலகத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் 10 லட்சம் டொலர் விருது கிடைத்தது.

அப்படியிருந்தும், கணினி அறிவு பற்றிய அரச புள்ளிவிவரங்களில் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவுகளில் தோட்டமே தொடர்ந்து கடைசியில் நிற்கிறது. மொழி, வருமானம், பள்ளி வசதி எனக் காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒரு காரணம் சட்டத்தில் இருந்தது. கிராமப்புறத்தில் பொது நூலகத்தை நடத்துவது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வீதி போட முடியாத சபையால் நூலகம் கட்ட முடியுமா? தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், சேவை மட்டும் தோட்ட எல்லையில் நின்றது. நூலகங்களை நம்பிப் பரவிய திட்டம், நூலகமே இல்லாத இடத்துக்கு எப்படி வரும்?

அந்தத் தடை 2018இல் செய்யப்பட்ட திருத்தத்துடன் நீங்கியது. அதே ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய பிரதேச சபைகளுக்கும் உறுப்பினர்கள் தெரிவானார்கள். அந்தச் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் புதிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். இனி சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

சபைகள் பெரிய கட்டடம் கட்ட வேண்டியதில்லை. தோட்டத்தில் ஏற்கனவே இருக்கும் சனசமூக நிலையமோ வாசிகசாலையோ போதும். இரண்டு கணினி, ஓர் அச்சு இயந்திரம், நிலையான இணைப்பு, இவற்றோடு சம்பளம் பெறும் தமிழ் பேசும் உதவியாளர் ஒருவர் வேண்டும். நேரமும் முக்கியம். கொழுந்து நிறுத்து, பிள்ளைகளைக் கவனித்து, மூச்சுவிடும்போது மாலை ஆறு மணி ஆகிவிடும். காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை நாலரைக்குப் பூட்டும் நிலையம் தொழிலாளிக்குப் பயன்படாது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் உள்ளடக்கமும் மாற வேண்டும். சான்றிதழுக்காக வேர்டும் எக்செலும் படிப்பது இளைஞர்களுக்கு உதவலாம். ஒரு தாய்க்கு வேண்டியவை வேறு: பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, தொலைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கத்தை யாரிடமும் சொல்லாதிருப்பது. தமிழ்த் தட்டச்சும் அப்படித்தான். பாமினியில் மட்டும் பழகியவர் இணையப் படிவத்தில் அதே முறையில் தட்டினால் தமிழ் வராது. ஆகவே தொடக்கத்திலேயே யூனிகோட் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்கள் தோட்டம் எந்தப் பிரதேச சபையின் கீழ் வருகிறது என்று பாருங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் தோட்ட நூலகத்துக்கும் இணைய நிலையத்துக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். அதைத் தமிழிலேயே எழுதலாம்.